அம்மாவின் வாயை யாரும் பார்க்கவில்லை

அம்மாவின் மூன்றாவது பல் விழுந்த இரவு எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆயாவின் கருமாதி முடிந்த நாள். வீடு நிறைய உறவுக்காரர்கள். சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா, வாயில் விரலை விட்டு எதையோ எடுத்தாள். முள் என்றுதான் நினைத்தோம். வெளிச்சத்தில் பார்த்தால் பல். வேரோடு முழுசாக வந்திருந்தது.

"வலிக்கலையாம்மா?" என்று தங்கச்சி பதறினாள்.

"இல்லடி. ஆடிக்கினே இருந்துது. வந்துடுச்சி."

பல்லை முந்தானையில் முடிந்துகொண்டு மீதிச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். "சக்கர வந்தா பல்லு போவும்டா, எங்கம்மாவுக்கும் போச்சி" என்று பக்கத்தில் இருந்த பெரியம்மா சொன்னாள். எல்லாரும் தலையாட்டினோம். அப்போது அம்மாவுக்கு வயது 51.

இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் பஞ்சமி நிலம், வன்கொடுமை வழக்கு, சுடுகாட்டுப் பாதை என்றுதான் எழுதிவருகிறோம். இன்றைக்கு ஈறைப் பற்றி எழுதுகிறார்களே என்று நண்பர்கள் வியக்கலாம். நாங்கள் மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்து பேசி, எழுதியே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தோம். அன்றிரவு நாங்கள் தலையாட்டிய அந்த வாக்கியம் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாததால் அம்மா மேலும் ஒன்பது பற்களை இழந்தாள்.

அம்மா பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடியற்காலை ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போடவேண்டும். நாலு மணிக்கு எழுந்து, வாசலில் செங்கல் பொடியால் பல்லைத் தேய்த்துவிட்டு ஓடுவாள். வீட்டில் எங்களுக்குப் பேஸ்ட் இருந்தது. அவளுக்கு அது பழக்கமில்லை, "நொர நொரயா வருது" என்பாள். வண்டியில் ஏறியதும் கன்னத்தில் ஒரு சிட்டிகைப் புகையிலை அடக்கிக்கொள்வாள். கசாப்புக் கடைக் கழிவையும் அடைத்துக்கொண்ட சாக்கடையையும் வெறும் மூக்கோடு அள்ள முடியாது என்பது அள்ளுகிறவர்களுக்குத் தெரியும். எட்டரை மணிக்கு இரண்டு பன்னும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும். சமைத்துக் கட்டிக்கொண்டு போக நேரம் ஏது?

42 வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. அதற்குப் பிறகு மாதம் தவறாமல் மருத்துவமனைக்குப் போவாள். பச்சை அட்டையில் நாள் குறிப்பார்கள். விரலைக் குத்தி ரத்தம் பார்ப்பார்கள். மாத்திரை தருவார்கள். வருடத்துக்கு ஒருமுறை காலைப் பார்ப்பார்கள், கண்ணுக்கு எழுதித் தருவார்கள். கால் புண்ணைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும், செருப்பில்லாமல் வாசலுக்குக்கூட இறங்கமாட்டாள். ஒன்பது வருடத்தில் ஒருவர்கூட "வாயைத் திறம்மா" என்று சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. பல் தேய்க்கும்போது ரத்தம் வருவது ஒரு நோய் என்றே அவளுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. மூவரில் இருவர் பட்டதாரிகள்.

ஒருமுறை எங்கள் காலனிப் பள்ளியில் பல் மருத்துவ முகாம் நடந்தது. வரிசையில் நின்ற பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எட்ட நின்று டார்ச் அடித்துப் பார்த்தார் ஒரு மருத்துவர். "வெத்தலை, பொகையில போடுவியா? அதான். நிறுத்து." ஒரு சின்ன பேஸ்ட் டியூபைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கையுறைப் பெட்டி மேசைமேல் பிரிக்காமலே இருந்தது. அன்று காலையில் ஊர்த்தெருவில் அதே குழு நடத்திய முகாமுக்கு எங்களோடு படித்த ஒரு நண்பன் போயிருந்தான். அவனை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சின்னக் கண்ணாடியும் கொக்கிக் கம்பியும் விட்டுப் பார்த்தார்களாம். மத்தியானத்துக்குள் களைத்துப்போயிருப்பார்கள் என்று தம்பி சொல்கிறான். இருக்கலாம். எங்களிடம் சாட்சி எதுவும் இல்லை. இருந்தாலும், தொடாமல் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கர் தம் அனுபவங்களையும் தம் மக்களின் அனுபவங்களையும் தொகுத்து எழுதிய சிறு நூலில் ஒரு சம்பவம் வருகிறது. கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்ற சில நாளில் நோயில் விழுகிறாள். மருத்துவர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரியவர்கள் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு வருகிறார். நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவரச் சொல்கிறார். வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் அது திரும்பி வருகிறது. மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தப் பெண் இறந்துபோகிறாள். அந்த ஆசிரியர் எழுதிய கடிதம் 1929-இல் காந்தியின் 'யங் இந்தியா'வில் வெளிவந்தது.

காய்ச்சலையாவது எட்ட நின்று பார்த்துவிடலாம். பல் மருத்துவத்தை அப்படிச் செய்யவே முடியாது. இன்னொருவரின் வாய்க்குள் கையை விடவேண்டும், எச்சில் விரலில் படவேண்டும், ஈறை அழுத்திப் பார்க்கவேண்டும். டீக்கடையில் நமக்குத் தனி கிளாஸ் வைத்த சமூகம், எதற்குப் பயந்து வைத்தது? நம் எச்சிலுக்குத்தானே? அந்த எச்சிலை வைத்தியமாகத் தொடவேண்டிய ஒரு துறை நம் தெருவுக்குக் கடைசியாக வந்து சேர்ந்ததில் எங்களுக்கு ஆச்சரியமில்லை.

அம்மாவின் வாயை முதன்முதலில் தொட்டது, பக்கத்து நகரத்து அரசு மருத்துவமனையில் இருந்த ஒரு பெண் பல் மருத்துவர். கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் போனபோதுதான் கூட்டிப்போனோம். கையுறை போட்ட விரலால் கீழ் ஈறை அழுத்தினார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலிருந்து மஞ்சளாகச் சீழ் வந்தது.

"அம்மா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. ஒம்போது வருசமா இருக்கு."

"எவ்ளோ இருக்குன்னு கடைசியா எப்போ பாத்தீங்க?"

அட்டையைக் காட்டினோம். மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 9.8. மருத்துவர் எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்துப் பத்து நிமிடம் பேசினார். அவர் சொன்னதையும் பிறகு நாங்கள் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

பல்லின் அடியில் படிகிற அழுக்கில் கிருமிகள் வாழ்கின்றன. அதை அகற்றாவிட்டால் கெட்டியாகிக் காரையாக ஒட்டிக்கொள்கிறது. ஈறு சிவந்து வீங்கி, தேய்த்தால் ரத்தம் வருகிறது. இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் முழுசாகச் சரியாகிவிடும். விட்டுவிட்டால் ஈறு பல்லை விட்டு விலகி, நடுவில் பை போலப் பள்ளம் விழுகிறது. கிருமி அதற்குள் இறங்குகிறது. பல்லைத் தாங்கும் தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. எலும்பு போனபின் பல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அதனால்தான் அம்மாவின் பல் சொத்தையே இல்லாமல் முழுசாக விழுந்தது. இதில் பெரும்பாலும் வலி இருக்காது. வலி இல்லாததே இந்த நோயின் வசதி.

சர்க்கரை இதில் எங்கே வருகிறது? ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. ஈறுக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுகின்றன. புண் ஆறுவது தாமதமாகிறது. வாய் உலர்ந்துபோகிறது, எச்சில் குறைந்தால் வாயைக் கழுவிவிட ஆளில்லை. காலில் பட்ட காயம் ஆறாமல் போவதற்கு என்னென்ன காரணமோ ஏறக்குறைய அவையேதான் ஈறுக்கும். கால் கண்ணுக்குத் தெரிகிறது, ஈறு தெரிவதில்லை. கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக் குழாய், ஆறாத புண் என்று சர்க்கரை நோயின் விளைவுகளை மருத்துவ உலகம் ஐந்தாக எண்ணிவந்தது. ஈறு நோயை ஆறாவதாகச் சேர்க்கவேண்டும் என்று 1993-இல் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர் எழுதினார்.

இது பெரியம்மா சொன்ன பாதி. சர்க்கரை வந்தால் பல் போகும்.

மீதிப் பாதி இது: ஈறு கெட்டால் சர்க்கரையும் ஏறும். வாயில் இருக்கும் அத்தனை பல்லைச் சுற்றியும் ஈறு புண்ணாக இருந்தால், அது உடம்புக்குள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் திறந்த புண் இருப்பதைப் போல. அந்த அழற்சியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருட்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்குவதில்லை. இறங்காத சர்க்கரை ஈறை மேலும் கெடுக்கிறது. ஒன்பது வருடம் அம்மாவைத் திட்டியிருக்கிறார்கள். "சோறு தின்னுறியா? இனிப்பு தின்னுறியா? மாத்திரைய ஒழுங்கா போடுறியா?" நாங்களும் திட்டியிருக்கிறோம். அவள் மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஈறைச் சுத்தம் செய்தால் சர்க்கரை குறையுமா? இதைப்பற்றி 2022-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஈறுக்குக் கீழே ஆழமாகச் சுத்தம் செய்துகொண்டவர்களுக்கு மூன்று, நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 அளவு குறைந்திருந்தது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் மருத்துவர்கள் இரண்டாவதாக ஒரு மாத்திரை சேர்ப்பதே இந்த மாதிரி அளவுகளைக் குறைக்கத்தான்.

இந்த உறவை உலகுக்குக் காட்டிய ஆய்வுகளில் முக்கியமானவை எங்கே நடந்தன தெரியுமா? அமெரிக்காவின் அரிசோனாவில், ஹீலா ஆற்றங்கரையில் வாழும் பீமா பழங்குடி மக்களிடம். அந்த ஆற்று நீரில் வாய்க்கால் வெட்டிப் பல நூறு ஆண்டுகள் விவசாயம் செய்தவர்கள் அவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் மேலே குடியேறிய வெள்ளையர்கள் ஆற்று நீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது, பஞ்சம் வந்தது. பிறகு அரசு கொடுத்த மாவும் கொழுப்பும் சர்க்கரையும் அவர்கள் உணவானது. உலகிலேயே சர்க்கரை நோய் மிக அதிகமாக உள்ள மக்களில் ஒருவரானார்கள். அவர்களில் சர்க்கரை உள்ளவர்களுக்குப் புதிதாக ஈறு நோய் வருவது மற்றவர்களைவிட 2.6 மடங்கு அதிகம் என்று 1990-இல் வந்த ஆய்வு சொன்னது. சர்க்கரையோடு கடுமையான ஈறு நோயும் இருந்தவர்கள் இதயத்தாலும் சிறுநீரகத்தாலும் இறக்கும் அபாயம், ஈறு நோய் இல்லாத அல்லது குறைவாக உள்ள சர்க்கரை நோயாளிகளைவிட 3.2 மடங்கு என்று 2005-இல் இன்னொரு ஆய்வு சொன்னது.

இதைப் படித்தபோது நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. நிலம் பறிபோனது, தண்ணீர் பறிபோனது, தட்டு மாறியது, அப்புறம் பல் போனது. அந்த வரிசை நமக்குப் புதிதா? கம்பும் கேழ்வரகும் நத்தையும் நண்டும் மாட்டுக்கறியும் சாப்பிட்ட நம் ஆயாக்களுக்கு எழுபதிலும் பல் இருந்தது. ரேஷன் அரிசியும் பன்னும் டீயும் என்றான பிறகு நம் அம்மாக்களுக்கு ஐம்பதில் இல்லை. எல்லாவற்றுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. புகையிலையும் இருக்கிறது, செங்கல் பொடியும் இருக்கிறது, மருத்துவர் இல்லாததும் இருக்கிறது.

அம்மாவுக்கு நான்கு தடவையாகப் பிரித்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தார்கள். காப்பாற்ற முடியாத பற்களை எடுத்தார்கள். நான்கு நாளும் அவளுக்குக் கூலி போனது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு மருத்துவ விடுப்பு என்று ஒன்று கிடையாது. மூன்றாவது தடவைக்கு வரமாட்டேன் என்று அடம் பிடித்தாள். "பல்லு கிளீன் பண்ணா இருக்கிற பல்லும் ஆடும்னு சொல்றாங்க." தெருவில் எல்லாரும் அப்படித்தான் நம்புகிறார்கள். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஆடுகிற பல்லைச் சிமெண்ட் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தது காரை. எலும்பு முன்பே கரைந்துவிட்டது. காரையை எடுத்ததும் அது தெரிகிறது, அவ்வளவுதான். சில நாளில் ஈறு இறுகும்.

நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது மூன்று மாதச் சராசரி 8.7. டீக்குச் சர்க்கரையையும் குறைத்திருந்தாள், புகையிலையையும் பாதியாகக் குறைத்திருந்தாள். அதனால் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எங்களால் முடியாது. ஈறில் ரத்தம் நின்றது. கூட வேலை செய்யும் அத்தை ஒருத்தி, "யக்கா, இப்பதான் ஒங்கிட்ட நின்னு பேச முடியுது" என்று சிரித்தாளாம். அம்மா அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. இத்தனை வருடமும் தன் வாய் நாறியது குப்பையால் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஊர்த்தெருவில் பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வாளே, அது மரியாதைக்கு என்று நாங்கள் நினைத்துக் கோபப்பட்டிருக்கிறோம்.

கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது. விழுந்த பல்லும் வராது. கடைவாய்ப் பற்கள் போய்விட்டதால் கறி மெல்ல முடியாது. காய்கறி, சுண்டல், கேழ்வரகு ரொட்டி சாப்பிடுங்கள் என்று சர்க்கரை மருத்துவர் சொல்கிறார். அவளால் முடிவது குழைந்த சோறும் ரசமும் டீயில் நனைத்த பன்னும்தான். அதுவோ சர்க்கரையை ஏற்றும். பல் இல்லாதவருக்குச் சொல்லப்படும் உணவு அறிவுரையில் பாதி வீண். கழற்றி மாட்டும் பல் செட்டுக்கு அளவெடுத்திருக்கிறார்கள், காத்திருக்கிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். இது பணக்கார வியாதி என்ற பேச்சு எப்போதோ பொய்யாகிவிட்டது. அண்ணலையே கடைசிக் காலத்தில் வாட்டியது இந்த நோய்தான். 1948-இல் அவர் மணந்த சவிதா அம்மையார் ஒரு மருத்துவர். அவருக்குப் பக்கத்திலேயே ஒரு மருத்துவர் இருந்தார். நம் அம்மாக்களுக்கு அருகில் இருப்பது நாம்தான்.

ஆகவே தோழர்களே, சில காரியங்களை நாமே செய்யலாம். இன்று இரவு செல்போன் டார்ச்சை அடித்து வீட்டில் சர்க்கரை உள்ளவரின் வாயைப் பாருங்கள். ஈறு சிவந்து வீங்கியிருக்கிறதா, தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா, பல் நீண்டதுபோலத் தெரிகிறதா, இடைவெளி விழுகிறதா, ஆடுகிறதா, சீழோ நாற்றமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அரசுப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவது நல்லது. போகும்போது சர்க்கரை அட்டையையும் மாத்திரையையும் எடுத்துச் செல்லுங்கள். வெறும் வயிற்றோடு போகாமல், சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு போங்கள். செங்கல் பொடி, சாம்பல், உப்புத்தூள் தேய்ப்பதை நிறுத்தி, மிருதுவான பிரஷ்ஷும் பேஸ்ட்டும் காலையிலும் இரவு படுக்கும் முன்பும். ரத்தம் வருகிறது என்று தேய்ப்பதை நிறுத்தவேண்டாம், ரத்தம் வருவது தேய்க்காததால்தான். புகையிலையைக் கன்னத்தில் அடக்கும் இடத்தில் ஈறு இறங்கிவிடும், புற்றுநோயும் அங்கேதான் வரும். நிறுத்து என்று அதட்டாமல், ஏன் போடுகிறார் என்று முதலில் கேளுங்கள்.

அரசிடம் நாம் கேட்கவேண்டியதும் உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. நல்ல திட்டம், நம் தெருவின் வயசாளிகளுக்கு அது பெரிய ஆறுதல். மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் "தேய்க்கும்போது ரத்தம் வருதா? பல்லு ஆடுதா?" என்ற இரண்டு கேள்விகளையும், ஆம் என்றால் பல் மருத்துவருக்கு ஒரு சீட்டையும் கொடுத்தனுப்ப அதிகச் செலவாகாது. சர்க்கரை அட்டையில் கால், கண் என்று இருக்கும் கட்டங்களுக்குப் பக்கத்தில் வாய்க்கும் ஒரு கட்டம் வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு வேண்டும். முகக்கவசம் கொடுத்தால் பாதிப் பேர் புகையிலையைத் தொடமாட்டார்கள். இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதிப் பணியாளர்களிடம் கையெழுத்து வாங்கிவருகிறோம். உங்கள் ஊரிலும் எழுதுங்கள்.

போன வாரம் காலனியில் பத்துப் பன்னிரண்டு பெண்களை உட்காரவைத்து அம்மாவே இதைப் பேசினாள். எங்களுக்குப் பேச வாய்ப்பே தரவில்லை. முந்தானையை எடுத்துவிட்டு, வாயைத் திறந்து, பல் இருந்த இடங்களைக் காட்டி, "இந்தப் பல்லு மூணும் மட்டும்தான் சக்கரையால போச்சி. மிச்சமெல்லாம் தெரியாததால போச்சி" என்றாள். பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டு, "நீ வா, மொதல்ல ஒன் வாயத் தொற" என்றாள்.

ஜெய்பீம்.